மற்றக் கைக்கு என்ன வேலை?

2024 யூலை 30 ஆம் திகதி பரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்றுப் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டி நடந்தது. தங்கத்துக்கான ஆட்டத்தில் துருக்கி 14–16 எண்டு சேர்பியாவிடம் தோற்று வெள்ளி எடுத்தது. தங்கம் எடுத்த சொரானா அருனோவிச், தாமிர் மிகெச் ரெண்டு பேரின்ர முகமும் எங்களில ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. வெள்ளி எடுத்த யூசுப் டிகெச்சின் படம் மட்டும் ஒரு கிழமையா எங்கட எல்லா வட்ஸ்அப் குழுக்களிலயும் கிடந்தது. 51 வயசு, நரைச்ச தலை, சாதாரண ரீசேட், சாதாரண கண்ணாடி. ஒரு கையில பிஸ்டல், மற்றக் கை பொக்கற்றுக்குள்ள. கடைக்குப் பாண் வாங்கப் போன மனுசன் வழியில ஒரு வெள்ளிப் பதக்கமும் வாங்கிக்கொண்டு வந்த மாதிரி.

நாங்களும் சிரிச்சம், நாங்களும் ஸ்ரேற்றஸ் போட்டம். அதே போட்டியில் வெண்கலம் எடுத்த மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் இந்தியாவில கொண்டாடப்பட்டினம். மீம்கள் எல்லாம் ஓய்ஞ்ச பிறகு ஒரு கேள்வி மட்டும் எங்களுக்குள்ள மிஞ்சியது. ஏன் ஒற்றைக் கை? படங்களில வாற பொலிஸ் எல்லாம் ரெண்டு கையாலதானே பிடிக்கினம்? பாரமான ஒரு சாமானை நீட்டிப் பிடிக்கிறதெண்டால் மற்றக் கையைக் குடுக்கிறதுதானே எவருக்கும் முதலில வாற யோசனை? இந்த ஆள் ஏன் அந்தக் கையைப் பொக்கற்றுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறார்?

நாங்கள் நினைச்சது மாதிரி அது அலட்சியம் இல்லை. டிகெச் மட்டுமில்லை, 10 மீற்றர் பிஸ்டலில் நிற்கிற அனேகமானவர்களின் மற்றக் கை பொக்கற்றிலயோ இடுப்புப் பட்டியிலயோதான் இருக்கும். சும்மா தொங்கவிட்டால் அந்தக் கை ஆடும், ஆட்டம் தோளுக்கு ஏறும், தோளிலிருந்து பிஸ்டலுக்குப் போகும். அதனால அதை ஒரு இடத்தில் கட்டிப்போடுகிற மாதிரி வைக்கிறார்கள். பிஸ்டலைத் தொட மட்டும் அதுக்கு அனுமதி இல்லை. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதி மிகத் தெளிவு: பிஸ்டலை ஒரு கையால் மட்டுமே பிடிக்கவேண்டும், சுடவேண்டும். மணிக்கட்டு எந்தத் தாங்கலும் இல்லாமல் கண்ணுக்குத் தெரியவேண்டும். பிடிக்கும் கையில் மணிக்கூடு கூடாது, காப்பு கூடாது, பட்டி கூடாது. சப்பாத்துக்கும் சட்டம் இருக்கிறது. கணுக்கால் எலும்பை மூடுகிற சப்பாத்துப் போட்டுக்கொண்டு பிஸ்டல் சுட முடியாது, ஏனெண்டால் அதுவும் ஒரு தாங்கலாம். ஒரு மனுசனின் மணிக்கட்டையும் கணுக்காலையும் இவ்வளவு சந்தேகத்தோட பார்க்கிற விளையாட்டு வேற இருக்குமோ தெரியாது.

சந்தேகத்துக்கு நியாயம் இருக்கு. 10 மீற்றர் பிஸ்டல் இலக்கின் நடு வட்டம், அதாவது 10 புள்ளி, 11.5 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. பிஸ்டலின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையில் ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் எண்டு வச்சுக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. முன் குறி வெறும் 1 மில்லிமீற்றர் விலகினால், 10 மீற்றருக்கு அங்கால குண்டு 33 மில்லிமீற்றர் விலகி விழும். 10 எடுக்கவேண்டியவர் 6 எடுப்பார். ஒலிம்பிக் தரத்தில இருக்கிற ஒருவருக்கு 6 எண்டால் வீட்டுக்குப் போற பஸ்.

இங்க ஒரு விசயத்தைச் சொல்லவேணும். துப்பாக்கியில் பிழை இருக்கிறதா, சுடுபவரில் பிழை இருக்கிறதா எண்டு பிரிச்சுப் பார்க்க ஒரு வழி பழைய காலத்திலிருந்தே இருக்கிறது: துப்பாக்கியை மண் மூட்டையில் சாய்ச்சு வைத்துச் சுடுவது, இல்லையெண்டால் இரும்புத் தாங்கியொன்றில் இறுக்கிப் பூட்டிவிட்டுச் சுடுவது. போட்டிக்கான காற்றுப் பிஸ்டலை அப்படிப் பூட்டிச் சுட்டால் குண்டுகள் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள்ளதான் போகும். ஆக, தாங்கி இருந்தால் எல்லாருக்கும் 10. தாங்கியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மனுசரின் நடுக்கம். அந்த நடுக்கத்துக்குத்தான் இந்த விளையாட்டில் புள்ளி போடுகிறார்கள்.

இதைப் பற்றி எழுதுவதா வேண்டாமா எண்டு எங்களுக்குள்ள ஒரு சண்டையே வந்தது. எங்களில் மூத்தவருக்கே 2009 இல் எட்டு வயசுதான். ஆனாலும் துவக்கு எண்ட சொல் வந்தால் எங்கட வீடுகளில குரல் தானாகத் தாழும். அதை ஒரு விளையாட்டுச் சாமானா வச்சுக் கதைக்கிறது சரியா எண்டு ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கொலைக் கருவி எப்படி விளையாட்டாக மாறியது, எந்த இடத்தில் மறுபடி கொலைக் கருவியாகத் திரும்பியது என்பதை அந்த மற்றக் கையை வைத்தே பார்க்கலாம் எண்டு எங்களுக்குப் பட்டது. அதனால எழுதுறம்.

முதலில் அந்தச் சொல்லையே பாருங்கோ. இந்தியாவில துப்பாக்கி, எங்களுக்குத் துவக்கு, சிங்களத்தில துவக்குவ. மூன்றும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழி வந்தவை. டிகெச்சின் ஊர்ச் சொல்லைத்தான் நாங்கள் நூற்றுக்கணக்கான வருசமா எங்கட சொல்லா வச்சிருக்கிறம்.

தொடக்க காலத் துவக்குகளைத் தாங்கல் இல்லாமல் பிடிக்கிறதெண்டது நடக்காத காரியம். 16 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெரிய மஸ்கெற்றுகள் அவ்வளவு பாரம். அதனால ஒவ்வொரு சிப்பாயும் துவக்கோடு ஒரு கவட்டுத்தடியையும் காவித் திரிந்தான். தடியை நிலத்தில் ஊன்றி, கவட்டுக்குள் குழலை வைத்துச் சுடவேண்டும். 1607 இல் யாக்கோப் த கெய்ன் நெதர்லாந்தில் வெளியிட்ட படைப்பயிற்சிப் புத்தகத்தில் இந்தத் தடியை எந்தக் கையில் பிடிப்பது, எப்போது ஊன்றுவது எண்டு படம் படமாகக் கீறிக் காட்டியிருக்கிறார். இலங்கையிலும் அந்தக் காலத்தில் கால் வைத்த துவக்கு இருந்தது. சிங்களத்தில் கொடிதுவக்குவ. நிலத்தில் கால்களில் நிற்கும் சிறு பீரங்கி மாதிரி ஒன்று. வெட்டுக்கிளி குந்தியிருக்கிற மாதிரித் தெரிந்ததால் ஆங்கிலத்தில் வெட்டுக்கிளித் துவக்கு எண்டே எழுதினார்கள். கொடிதுவக்கு எண்ட குடும்பப் பெயரோட இண்டைக்கும் சிங்கள ஆக்கள் இருக்கினம். அந்தப் பெயருக்குள்ள ஒரு தாங்கி ஒளிஞ்சிருக்கு எண்டது எங்களுக்கு இதை எழுத வெளிக்கிட்டாப் பிறகுதான் விளங்கினது.

பிஸ்டல் மட்டும் ஏன் தாங்கலை விட்டது? குதிரைதான் காரணம். 16 ஆம் நூற்றாண்டில் சக்கர விசை வந்த பிறகு, எரியும் திரி இல்லாமலே சுடக்கூடிய குறுந்துவக்குகள் செய்ய முடிந்தது. அதை முதலில் பெருமளவில் தூக்கியவர்கள் குதிரைப் படைக்காரர். ஒரு கையில் கடிவாளம், மற்றக் கையில் பிஸ்டல். அதாவது மற்றக் கை சும்மா இருக்கவில்லை, அதுக்கு வேற வேலை இருந்தது. பிறகு குதிரை போய்விட்டது, கடிவாளம் போய்விட்டது, ஒற்றைக் கை மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது.

அந்தப் பழக்கத்துக்கு மரியாதை சேர்த்தது இருவர் சண்டை. 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கனவான்கள் மானத்துக்காக ஒருத்தரையொருத்தர் சுட்டுக்கொண்டார்கள். பக்கவாட்டாகத் திரும்பி நின்றால் எதிரிக்குத் தெரிகிற உடம்பு ஒடுங்கும், நீட்டிய கை நெஞ்சை மறைக்கும். அப்படி நிற்கும்போது ரெண்டாவது கை பிஸ்டலுக்கு எட்டாது. டிகெச்சின் நிலையைத் திரும்பப் பாருங்கோ. அந்தப் பக்கவாட்டு நிலை பழைய கொலைக்களத்திலிருந்துதான் வந்தது.

இந்தச் சண்டைகளில் எங்களை நிறுத்தி வைச்ச ஒன்று புஷ்கினுடையது. 1837 குளிர்காலம், சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கு வெளியே, சோர்னயா ரெச்கா எண்ட இடம். எதிரில் ஜோர்ஜ் தாந்தெஸ், புஷ்கினின் மனைவியின் சகோதரியைக் கட்டியவர். இருவருக்கும் இடையில் எல்லைக் கோடுகள், கோடுகளுக்கு இடையே 10 எட்டு. தாந்தெஸ் முதலில் சுட்டார். குண்டு வயிற்றுப் பக்கம் பாய்ந்து புஷ்கின் பனியில் விழுந்தார். பிஸ்டல் குழலுக்குள் பனி அடைந்துவிட்டதால் வேறொரு பிஸ்டலைக் கேட்டு வாங்கினார். எழும்ப முடியவில்லை. இடது கையைப் பனியில் ஊன்றி உடம்பைத் தாங்கிக்கொண்டு குறி பார்த்துச் சுட்டார். தாந்தெஸ் பக்கவாட்டாக நின்று கையால் நெஞ்சை மறைத்திருந்ததால் குண்டு அந்தக் கைச் சதையைத் துளைத்தது, ஆள் தப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் புஷ்கின் இறந்தார். ரஷ்ய இலக்கியத்தின் மிகப் பெரிய கவி கடைசியாகச் சுட்ட குண்டு ஒரு தாங்கலோடு சுடப்பட்டது. அவருக்கு 37 வயசு.

இந்த மானச் சண்டையைத்தான் ஒலிம்பிக் அப்படியே உள்ளே எடுத்தது. 1906 ஏதென்ஸ் இடைக்கால விளையாட்டுகளில் கோட்டுப் போட்ட ஒரு பொம்மையை நிறுத்தி, அதன் நெஞ்சில் குறி வைத்துச் சுடும் போட்டி இருந்தது. 1908 லண்டனில் ஒரு படி மேல போய், முகமூடியும் தடித்த உடையும் போட்ட ஆக்களே எதிரெதிரே நின்று மெழுகுக் குண்டால் ஒருத்தரையொருத்தர் சுட்டுக் காட்டினார்கள். நல்ல காலம், பதக்கம் இல்லாத காட்சி விளையாட்டாக மட்டும். 1912 ஸ்ரொக்கோமில் நவீன ஐந்துபோட்டியில் பிஸ்டலும் ஒரு பகுதி. அதில் அமெரிக்கர் ஜோர்ஜ் பற்றன் மொத்தத்தில் ஐந்தாம் இடம் வந்தார். பின்னாளில் இரண்டாம் உலகப்போரில் பெயர் எடுத்த ஜெனரல் அவர்தான். அவருக்குக் குறைந்த இடம் கிடைத்தது சுடுதலில். தன் குண்டுகளில் ஒன்று முந்தின ஓட்டைக்குள்ளாலயே போயிருக்கவேணும், அதைத் தவறவிட்டதாக எண்ணிப்போட்டினம் எண்டது அவர் தரப்புக் கதை. உண்மையோ இல்லையோ, எங்கட ஊர் கிரிக்கெட்டில எல்பிடபிள்யூ குடுத்தாப் பிறகு கேட்கிற கதை மாதிரித்தான் இருக்கு.

விளையாட்டுக்காரர் ஒற்றைக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, துவக்கு விற்பவர்கள் வேறு பக்கம் யோசித்தார்கள். 1850களிலேயே கோல்ற் நிறுவனம் ரிவோல்வருக்குப் பின்னால் பூட்டிக் கழற்றக்கூடிய தோள்கட்டையைச் செய்தது. 1896 இல் வந்த ஜேர்மன் மௌசர் பிஸ்டல் இன்னும் சாதுரியமானது. அதன் உறையே மரம். பிஸ்டலை உறையிலிருந்து எடுத்து, அந்த உறையைப் பிடியின் பின்னால் பூட்டினால் தோள்கட்டை. இப்ப அது பிஸ்டல் இல்லை, சிறு ரைபிள். குறியில் 1000 மீற்றர் வரை அளவு போட்டிருந்தார்கள், அது கொஞ்சம் கூடிப்போன நம்பிக்கைதான். இந்த மௌசரை வின்ஸ்ரன் சேர்ச்சிலும் வைத்திருந்தார். 1896 இல் பம்பாயில் படகிலிருந்து இறங்கும்போது வலது தோள் மூட்டு விலகியது, அதுக்குப் பிறகு அந்தத் தோள் சரிவரவில்லை. அதனால் 1898 இல் சூடானின் ஒம்டுர்மான் குதிரைப் பாய்ச்சலில் அவர் வாளை வீசாமல் மௌசரைத் தூக்கினார். அங்கே செத்த ஆயிரக்கணக்கான சூடானியருக்கு இந்தத் தோள்மூட்டு விபரத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் பிஸ்டலின் வரலாறு எப்பவும் ஒரு உடம்பின் இயலாமையோடு சேர்ந்தே வருகிறது என்பதைக் கவனித்தோம், கீழே திரும்ப வரும்.

இரண்டாவது கை பிஸ்டலுக்கு முழுதாகத் திரும்பி வந்தது கலிபோர்னியாவில். 1950களின் கடைசியில் பிக் பெயர் லேக் எண்ட மலையூரில், முன்னாள் கடற்படைப் படையினரான ஜெவ் கூப்பர் வேகச் சுடுதல் போட்டிகள் நடத்தினார். கௌபோய் படக் காலம் அது. எல்லாரும் இடுப்பு உறையிலிருந்து உருவி, இடுப்பு உயரத்திலேயே ஒற்றைக் கையால் சுட்டார்கள். வேகம் இருந்தது, குறி இருக்கவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் பொலிஸ் அதிகாரி ஜாக் வீவர் எண்டவர் இதைப் பார்த்து ஒரு எளிமையான முடிவுக்கு வந்தார். வேகமாகத் தவறவிடுவதை விட, அரை விநாடி பிந்தி அடிப்பது நல்லது. பிஸ்டலைக் கண் உயரத்துக்குத் தூக்கினார், இரண்டு கையாலும் பிடித்தார். சுடும் கை முன்னுக்குத் தள்ளும், தாங்கும் கை பின்னுக்கு இழுக்கும். இந்த இரண்டு விசைக்கும் இடையில் பிஸ்டல் அசையாமல் நிற்கும், சுட்டபிறகு எகிறுவதும் குறையும். 1959 இல் அவர் போட்டியை வென்றார். கூப்பர் அதைப் பார்த்து, எழுதி, பெயரும் வைத்தார்: வீவர் நிலை. பிறகு அது பொலிஸ் பயிற்சிகளுக்குள் போனது, அங்கிருந்து படங்களுக்குள் வந்தது. நாங்கள் சின்னனில கம்பை நீட்டிப் பொலிஸ் விளையாடினபோது ரெண்டு கையாலயும் பிடிச்சமே, அது வீவரின்ர கை.

வீவருக்கு முன் எவரும் ரெண்டு கையால் சுட்டதில்லை எண்டு இதுக்கு அர்த்தம் இல்லை. தூரத்தில் இருக்கிறதைச் சுடவேண்டி வந்தால் மரத்தில் சாய்ந்தோ முழங்காலில் கையை ஊன்றியோ சுடுவது வேட்டைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த வேலை. வீவர் செய்தது, நின்ற நிலையில் தன் மற்றக் கையையே தாங்கியாக்கி, அது வெட்கப்படவேண்டிய விசயம் இல்லை எண்டு வென்று காட்டினது. அதுவரைக்கும் ரெண்டு கையால பிடிக்கிறது ஆம்பிளைத்தனம் இல்லை எண்ட ஒரு நினைப்பும் கூடவே இருந்திருக்கவேணும் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

இப்படி 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிஸ்டல் ரெண்டாகப் பிரிந்தது. மனுசரைச் சுடப் பழகுபவர்கள் ரெண்டு கை. கடதாசியைச் சுடுகிற ஒலிம்பிக்காரர் ஒற்றைக் கை. பழைய மானச் சண்டையின் நிலை யாருக்கும் ஆபத்தில்லாத விளையாட்டாகத் தேங்கி நின்றுவிட்டது. நாங்கள் எதிர்பார்த்ததுக்கு நேர் எதிர்.

சட்டப் புத்தகத்துக்குள்ளயும் இந்தக் கை இருக்கு. அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் கைத்துப்பாக்கியை வரையறுக்கும்போது, ஒரு கையால் பிடித்துச் சுடுவதற்கென்று வடிவமைத்தது எண்டு சொல்கிறது. அதுக்கு முன்பே 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிஸ்டலுக்குத் தோள்கட்டை பூட்டினால் அது குறுங்குழல் ரைபிள், பதிவும் வரியும் வேண்டியிருந்தது. 2012 இல் ஒரு கண்டுபிடிப்பு வந்தது. உடல் ஊனமுற்ற முன்னாள் படையினர் ஒருவர் பாரமான பிஸ்டலை ஒரு கையால் சுடுவதற்காக, முன்கையில் சுற்றிக் கட்டும் பட்டி ஒன்று. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் பட்டியைக் கையில் கட்டாமல் தோளில் வைத்தாலும் வேலை செய்யும் எண்டது கடைக்காரருக்கும் வாங்கிறவைக்கும் கனகாலம் எடுக்காமல் விளங்கிவிட்டது. லட்சக்கணக்கில் விற்றது. 2021 மார்ச்சில் கொலராடோவின் போல்டர் நகரச் சுப்பர்மார்க்கெற்றில் 10 பேரைக் கொன்றவன் வைத்திருந்தது இப்படியான பட்டி பூட்டிய பிஸ்டல்தான். 2023 ஜனவரியில் அரசு இதை ரைபிளாகக் கணக்கெடுக்கும் விதி கொண்டுவந்தது. 2024 யூனில் ரெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. டிகெச்சின் படம் உலகத்தைச் சுற்றுவதற்கு ஒன்றரை மாதம் முன்புதான்.

திரும்ப விளையாட்டுக்கு வருவம். வெளியில தாங்கலைத் தடுத்தால் ஆக்கள் உள்ளுக்குத் தாங்கல் தேடுவினம். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் சுவீடனின் ஹான்ஸ்-குன்னார் லில்யன்வால், நவீன ஐந்துபோட்டியின் பிஸ்டல் பகுதிக்கு முன் பதற்றம் தணிய ரெண்டு பியர் குடித்ததாகச் சொன்னார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் தகுதி இழந்த முதல் ஒலிம்பிக் வீரர் அவர்தான். சுவீடன் அணியின் வெண்கலமும் போனது. நாற்பது வருசம் கழித்து, 2008 பீஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜொங்-சூ 50 மீற்றர் பிஸ்டலில் வெள்ளியும் 10 மீற்றரில் வெண்கலமும் எடுத்து ரெண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. உடம்பில் இருந்தது புரொப்ரனலோல். இதய நோய்க்கும் கைநடுக்கத்துக்கும் வைத்தியர்கள் எழுதிக் குடுக்கிற சாதாரணக் குளிசை. பரீட்சைக்கு முதல் சிலர் இதைப் போடுகிற கதையும் எங்கட வளாகத்துக்குப் புதுசு இல்லை. மற்ற விளையாட்டுகளில் மருந்து போட்டு வேகமாகினம். இங்க மருந்து போட்டு மெதுவாகினம், இதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில கொஞ்சம் கூட நேரம் குடுக்கட்டும் எண்டு.

இந்த ஒற்றைக் கை விதி கனவான்களின் வீம்பிலிருந்து வந்தது எண்டு எழுதி முடிச்சிருப்பம், கரோலி தகாச் இல்லையெண்டால்.

தகாச் ஹங்கேரி இராணுவத்தில் சார்ஜன்ற். 1930களில் நல்ல பிஸ்டல்காரர். ஆனால் 1936 ஒலிம்பிக்குக்கு அவரை விடவில்லை, அதிகாரிகளுக்கு மட்டுமே இடம் எண்டது அப்போதைய நடைமுறை. சாதி மாதிரித்தான். பிறகு அந்தத் தடை நீங்கியது. 1938 இல் பயிற்சியின்போது ஒரு கைக்குண்டு அவர் கைக்குள்ளேயே வெடித்தது. போனது வலது கை, சுடுகிற கை. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. வெளியில் வந்தவர் ஒருத்தருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகத் தொடங்கினார். அடுத்த வருசம், 1939 இல், தேசியப் போட்டிக்கு வந்தபோது பார்க்க வந்திருக்கிறார் எண்டுதான் எல்லாரும் நினைச்சினம். அவர் போட்டியிட்டு வென்றார். அதோட போர் வந்தது. 1940 ஒலிம்பிக் இல்லை, 1944 ஒலிம்பிக் இல்லை. இடது கையைப் பழக்கி முடிச்ச ஒரு மனுசன் ஒன்பது வருசம் காத்திருந்தார்.

1948 லண்டன், 25 மீற்றர் விரைவுப் பிஸ்டல். உலகச் சம்பியன் ஆர்ஜென்ரீனாவின் கார்லோஸ் சயின்ஸ் வலியென்ற். ஏன் வந்திருக்கிறீர் எண்டு அவர் தகாச்சைக் கேட்க, பழக வந்தன் எண்டு தகாச் சொன்னதாக ஒரு கதை இருக்கு. 38 வயசில், இடது கையால், 580 புள்ளி. தங்கமும் உலக சாதனையும். வலியென்ற்றுக்கு வெள்ளி. 1952 ஹெல்சிங்கியில் திரும்பவும் தங்கம், தன்னுடைய நாட்டுக்காரர் சிலார்ட் குன்னை 579–578 எண்டு ஒரு புள்ளியால் முந்தி.

இதை வாசிச்சபோது எங்கட வாதம் குழம்பிப்போனது. பிஸ்டல் விளையாட்டு வீவர் மாதிரி ரெண்டு கை விளையாட்டாக இருந்திருந்தால் தகாச்சுக்கு அதில் இடம் இல்லை. மற்றக் கையை மதிப்பில்லாமல் ஆக்கின விதி, ஒரு கை போனவரை மற்ற எல்லாருக்கும் சமனாக நிறுத்தியது. எல்லாருக்கும் ஒரு கைதான், மற்றது பொக்கற்றில. இதை அந்தக் கனவான்கள் யோசித்து வைக்கவில்லை, தற்செயல்தான். டோக்கியோ பராலிம்பிக்கில் 50 மீற்றர் பிஸ்டலில் தங்கம் எடுத்த இந்தியாவின் மனிஷ் நர்வாலுக்கும் பிறப்பிலிருந்து வலது கை இயங்காது. அவரும் இடது கைதான்.

சண்டை பிடிச்ச தோழி இந்த இடத்தில திரும்பவும் குறுக்க வந்தாள். ஒரு கை இருக்கிறவருக்குச் சரி, அந்த ஒரு கையையும் தூக்க ஏலாதவருக்கு? பார்த்தால், பராச் சுடுதலில் ரெண்டு பிரிவு இருக்கு. துப்பாக்கியின் பாரத்தைத் தாங்களே தாங்கக்கூடியவர்கள் எஸ்எச்1. தாங்க முடியாதவர்கள் எஸ்எச்2. எஸ்எச்2 காரருக்குச் சுருள்வில் வைத்த ஒரு தாங்கி உண்டு. துப்பாக்கி அதன் மேல் கிடக்கும், குண்டு போட உதவியாளரும் இருக்கலாம். குறி பார்ப்பதும் மூச்சைப் பிடிப்பதும் விசையை அழுத்துவதும் மட்டும் அவருடையது. தாங்கி இருக்கிறது எண்டதால அது விளையாட்டு இல்லை எண்டு அங்க ஒருத்தரும் சொல்லுறதில்லை.

ஆனால் அந்தத் தாங்கி ரைபிளுக்கு மட்டும். எஸ்எச்2 பிரிவில் பிஸ்டல் போட்டியே இல்லை.